பதினேழு பெண்களுக்கு ஜாமீன்

எங்கள் பள்ளி ஆயாம்மா எங்களை எண்ணும்போது ஒன்று என்று தொடங்கமாட்டார். நெல் அளப்பவர்களைப் போல ‘லாபம், ரெண்டு, மூணு’ என்றுதான் தொடங்குவார். சென்னீர்குப்பம் பஸ் நிறுத்தத்தில் எண்ணுவார். நெடுஞ்சாலையைக் கடந்ததும் ஒருமுறை எண்ணுவார். பூந்தமல்லிக்குள் நுழைந்து பள்ளியின் இரும்புக் கதவைத் தாண்டியதும், எங்கள் முதுகுகளைப் பார்த்தபடி மறுபடியும் எண்ணுவார். எண்ணிக்கை சரியாக இருந்தாலும் அவர் முகம் தெளிந்து நான் பார்த்ததில்லை. சரியாக இருப்பதே ஏதோ தவறு நடக்கப்போவதற்கு அடையாளம் என்பதுபோல வாசலையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான, உயரமான பெண்மணி. விரித்தே பார்க்காத ஒரு கறுப்புக் குடை எப்போதும் கையில் இருக்கும். லாரிகளை நிறுத்தத்தான் அந்தக் குடை. பெங்களூர் சாலையில் வருகிற லாரிக்கு எதிரே அதை நீட்டிக்கொண்டு இறங்கிவிடுவார். டிரைவர்கள் கத்துவார்கள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார், எங்களைத்தான் பார்ப்பார். “ஓடாதீங்கடி, நடங்க. ஓடற பொண்ணத்தான் ஊரு பாக்கும்” என்பார்.

தண்ணீர் பிடிப்பதும் மணி அடிப்பதும் வகுப்பறை கூட்டுவதும்தான் அவருடைய வேலை. பெண்களை வீட்டிலிருந்து கூட்டிவந்து மறுபடி வீட்டில் கொண்டுபோய் விடவேண்டும் என்று யாரும் அவருக்கு உத்தரவு போடவில்லை. அதை அவராகவே இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். பத்தாம் வகுப்போடு நின்றிருந்த எங்கள் பெண்கள் பள்ளியை மேல்நிலைப் பள்ளி ஆக்கியபோது, முதலில் வந்தவை தையலும் தட்டச்சும்தான். பெற்றோர்களுக்கு அது பிடித்திருந்தது. தலைமையாசிரியை மட்டும் விடாமல் அலைந்து கணக்கும் அறிவியலும் சேர்ந்த குரூப் ஒன்றை வாங்கிவந்தார். வாங்கியாயிற்று, படிக்கத்தான் ஆள் இல்லை. ‘முதல் அணியில் பதினைந்து பேராவது பரீட்சை எழுதினால்தான் அடுத்த அணியைச் சேர்ப்போம்’ என்று மேலிடத்தில் வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார்களாம். அந்த மே மாதம் முழுக்கத் தலைமையாசிரியையும் ஆயாம்மாவும் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள்.

எங்கள் வீட்டுக்கு வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. அப்பா ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தார். ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தார். தலைமையாசிரியை எவ்வளவோ எடுத்துச் சொன்னார். அப்பா மரியாதையாகக் கேட்டுக்கொண்டாரே தவிர அசையவில்லை.

“தையல் படிச்சா ஊட்ல குந்திகினு தைக்கலாம் டீச்சர். கணக்கு படிச்சிட்டு இன்னா பண்ணப்போவுது? ரோட்ல லாரியும் பசங்களும் போற வர்ற கூத்து உங்களுக்குத் தெரியாததா?”

அதுவரை வாசலில் நின்றிருந்த ஆயாம்மா உள்ளே வந்தார். “நைனா, நான் கூட்டிகினு போறேன். நானே கூட்டிகினு வந்து உடறேன். உன் பொண்ணு மேல ஒரு சொல்லு வந்துச்சுன்னா, என் ஊட்டு வாசல்ல வந்து காறித் துப்பு. நான் ஜாமீன்.”

அப்பா அவரை நிமிர்ந்து பார்த்தார். டீச்சர் சொன்ன எதிர்காலத்தைவிட இந்த ஜாமீன் அவருக்குப் பெரிதாகப் பட்டிருக்கவேண்டும். சரி என்றார்.

இதே வார்த்தையைப் பதினேழு வீடுகளில் சொல்லியிருக்கிறார். பூந்தமல்லி பஸ் நிலையத்துக்குப் பின்னால் பாத்திரங்களுக்கு ஈயம் பூசும் கடை வைத்திருந்த பர்வீனின் அத்தாவிடம் சொன்னார். நூம்பலில் கலாவின் அப்பாவிடமும் சொன்னார். ஒரே மனிதர் பதினேழு பேருக்கு ஜாமீன் நின்றால் அவருக்குத் தூக்கம் எப்படி வரும் என்று இப்போது யோசிக்கிறேன். அப்போது எங்களுக்கு அவர் ஒரு தொல்லை, அவ்வளவுதான்.

பஸ் நிறுத்தத்தில் சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கவேண்டும். ஐஸ் வண்டிக்காரரிடம் வாங்கக்கூடாது. பள்ளி விடுகிற நேரத்தில் சாலையில் சைக்கிள் மணி கேட்டால், அடித்தவன் தலை மறைகிறவரை எங்களை வெளியே விடமாட்டார். இயற்பியல் செய்முறை நடக்கும்போது ஜன்னலுக்கு வெளியே அவர் தலை தெரியும். உதடு அசையும். டீச்சர் எரிச்சலோடு, “எல்லாரும் இங்கதான் இருக்காங்க ஆயாம்மா, யாரும் பறந்து போயிடல” என்பார். அவர் முழுவதும் எண்ணி முடித்துவிட்டுத்தான் நகர்வார்.

ஒருநாள் மத்தியானம் எனக்குக் காய்ச்சல். புத்தக அறையில் அலமாரிக்குப் பின்னால் தரையில் படுத்துத் தூங்கிவிட்டேன். எண்ணிக்கையில் ஒன்று குறைந்திருக்கிறது. பள்ளி முழுக்கத் தேடிவிட்டு, நெடுஞ்சாலைவரை வெயிலில் செருப்பில்லாமல் ஓடியிருக்கிறார். திரும்பிவந்து என்னைக் கண்டுபிடித்தபோது, கேள்வியே இல்லாமல் கன்னத்தில் ஓர் அறை விட்டார். பிறகு அங்கேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். நான்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அழுதுகொண்டே, “நான் எங்க போயிடப்போறேன் ஆயாம்மா?” என்றேன்.

“எங்கம்மா கூட்டிகினு போனதுல ஒரு பொண்ணும் இப்டித்தான் கேட்டுதாம்” என்றார்.

அன்றைக்குத்தான் அந்தக் கதையைச் சொன்னார். அவருடைய அம்மாவும் பள்ளிக்கூடத்தில்தான் வேலை பார்த்திருக்கிறார். பட்டணத்தில் பெண்களுக்கென்று பள்ளி நடத்த ஆரம்பித்திருந்த காலம். பெரிய வீட்டுப் பெண்கள் தெருவில் நடந்து வரமாட்டார்கள். திரை போட்ட மாட்டு வண்டியை வீடு வீடாக நிறுத்தி, அவர்களைக் கைப்பிடித்து ஏற்றிப் பள்ளியில் இறக்குவதற்கென்றே ஒரு பொம்பளை ஆளை வைத்திருப்பார்களாம். அந்த ஆள்தான் அவருடைய அம்மா.

“தையலு, பாட்டு, பூ போடறதுன்னு இருந்த வரைக்கும் வண்டி ரொம்பி வந்துச்சாம். கணக்கு, பூகோளம்னு ஆரம்பிச்ச வருசம் பாதி வண்டி காலி. பொட்டப்புள்ளைக்கு எந்த நாடு எங்க கீதுன்னு தெரிஞ்சி இன்னா ஆவணும்னு கேட்டாங்களாம். அப்பவும் எங்கம்மா ஊடு ஊடா கெஞ்சிகினு, பதினோரு பொண்ண சேத்து வெச்சிது.”

அந்தப் பதினோரு பேரில் ஒரு பெண், வண்டி நின்ற இடத்தில் திரையை விலக்கிக் கீழே இறங்கியிருக்கிறாள். தெருவில் ஏதோ பொம்மலாட்டம். அதைப் பார்க்கத்தான் இறங்கினாள். அரை நாழிகையில் கண்டுபிடித்துக் கூட்டிவந்துவிட்டார்கள். ஆனால் மறுநாள் பத்து வீடும் கதவைத் திறக்கவில்லை. பதினோராவதான அந்தப் பெண்ணின் வீட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கணக்குப் போட்டுக்கொண்டிருந்த வகுப்பை அந்த மாதமே பூட்டிவிட்டார்களாம். ஆயாம்மாவின் அம்மா சாகிறவரை அந்தப் பதினோரு பெயர்களையும் வரிசையாகச் சொல்வாராம், பிரார்த்தனைபோல.

“ஒரு பொண்ணு கீழ எறங்கினா, பத்து பொண்ணுக்குக் கதவு சாத்துவாங்க. இத மனசுல வெச்சிக்க” என்று சொல்லிவிட்டு எழுந்து மணி அடிக்கப் போனார்.

எங்கள் பதினேழு பேரில் கணக்கு நன்றாக வந்தது கலாவுக்கு. நானும் மோசமில்லை. ஆனால் நான் விடையைப் போய்ச் சேரும்போது கலா அங்கே முன்பே போய் உட்கார்ந்திருப்பாள். டீச்சர் கரும்பலகையில் கணக்கை எழுதி முடிப்பதற்குள் அவள் பேனாவை மூடிவைக்கும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்காது. எல்லாத் தேர்விலும் அவளுக்கு அடுத்த இடம் எனக்கு. நாங்கள் நெருங்கிய தோழிகள். இரண்டும் உண்மைதான்.

பன்னிரண்டாம் வகுப்பில் செய்முறைத் தேர்வு முடிந்த வாரம், கலா தன் நோட்டுக்குள்ளிருந்து ஒரு கடிதத்தை எடுத்து எனக்குக் காட்டினாள். சாவடிப் பக்கம் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்கிற ஒருவன், பஸ்ஸில் அவள் மடியில் போட்டுவிட்டு இறங்கியிருக்கிறான். இரண்டு பக்கக் கடிதம், நிறைய எழுத்துப்பிழை. படித்துச் சிரித்தோம். சிரிக்கும்போதே அவளுக்குக் கை சில்லிட்டிருந்தது. “பதிலெல்லாம் எழுதமாட்டேன்பா. நாளைக்கே கிழிச்சிப் போட்டுடறேன்” என்றாள். மறுநாள் கிணற்றுப் பக்கம் போய்க் கிழித்தும் போட்டாள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

ஆயாம்மாவுக்கு எப்படித்தான் மூக்கில் வேர்த்ததோ. அந்தப் பையன் இரண்டு நாள் தொடர்ந்து அதே பஸ்ஸில் ஏறியதை அவர் பார்த்திருக்கவேண்டும். மறுநாள் மாலை என்னைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

“கலாகிட்ட இன்னா பேச்சு அவனுக்கு? உனக்குத் தெரியும். சொல்லு.”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். லெட்டர் குடுத்தான் என்று சொன்னேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. “இவ பதில் எழுதனாளா?”

இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடியில் பேனா மூடும் சத்தம்தான் காதில் கேட்டது. “தெரியல ஆயாம்மா” என்றேன்.

கலாவுக்குத் திட்டு விழும், கொஞ்ச நாள் அழுதுகொண்டிருப்பாள், அதற்கு மேல் எதையும் நான் நினைக்கவில்லை. ஆயாம்மா இரண்டு நாள் மத்தியானச் சோற்றுத் தூக்கைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனார். மூன்றாம் நாள் நூம்பலுக்குப் போய்க் கலாவின் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு லெட்டர் விஷயத்தைச் சொல்லி, பரீட்சை வரைக்கும் பெண்ணைக் கொஞ்சம் வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். அம்மாவிடம் சொன்னது அன்று மாலையே அப்பாவுக்குப் போய்விட்டது. அவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர், முன்கோபி. கலாவின் புத்தகங்களைக் கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டார். சித்திரையில் கல்யாணம், மாப்பிள்ளை பார்த்தாயிற்று என்று ஒரே வாரத்தில் செய்தி வந்தது.

கலா வராத முதல் நாள் காலை, நிறுத்தத்தில் ஆயாம்மா எங்களை எண்ணினார். ஒன்று குறைந்தது. மறுபடியும் எண்ணினார். குறைவதற்குக் காரணம் தானே என்று தெரிந்தும் மறுபடி எண்ணினார்.

பர்வீன்தான் கேட்டாள். அவளும் கலாவும் ஒரே பெஞ்சு. “நீங்க எங்களப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிகினு வர்றவங்களா, ஊட்டுக்குத் தொரத்தி உடறவங்களா?”

நாங்கள் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டோம். எண்ணும்போது மட்டும் நின்று கொடுப்போம், ஆடு மாதிரி. தொட்டிக்குப் பின்னால் நான் சொன்னதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. கலாவின் வீட்டில், யார் சொன்னது என்று கேட்டதற்கு, ‘அவ பைய நாந்தான் துழாவிப் பாத்தேன்’ என்றாராம். கலாவுக்கு அந்தக் கோபம்தான் பல வருஷம் இருந்தது. தன் பையில் கைவிட்டுவிட்டார்களே என்று.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒருநாள் மாலை மற்றவர்களை முன்னால் போகவிட்டு, “ஏன் ஆயாம்மா போய் சொன்னீங்க?” என்று கேட்டேன்.

அவர் விரல் கணுக்களைத் தொட்டுக்கொண்டே சொன்னார். “அந்தப் பேச்சு தெருவுல வந்து வுழுந்துச்சுன்னா நூம்பல் பொண்ணு மூணும் போச்சு. பதினேழுல மூணு போனா பதினாலு. பதினாலு பேருன்னா குரூப்பு கெடையாது. அப்பால உன் தங்கச்சி எங்க போயி கணக்கு படிப்பா? நானே ஒண்ண எடுத்துட்டா பதினாறு நிக்கும்னு பாத்தேன்.” கொஞ்ச தூரம் நடந்தோம். “கணக்கு சரியாத்தான் கீது. நெஞ்சுதான் ஒத்துக்கல.”

ஹால் டிக்கெட்டுகள் வந்தன. கலாவின் பெயர் முன்பே அனுப்பப்பட்டிருந்ததால் அவளுடையதும் வந்தது. கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தில் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலைமையாசிரியை கடிதம் போட்டார், பதில் இல்லை. ஆயாம்மா மூன்று முறை நூம்பல் போனார். மூன்று முறையும் கலாவின் அப்பா வாசலிலேயே நிறுத்தி அனுப்பிவிட்டார். பரீட்சைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டுக்கு வந்து, “பொண்ண கொஞ்சம் அனுப்பு நைனா, தோ வந்துடறோம்” என்று அப்பாவிடம் சொல்லி என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். எங்கே என்று கேட்டதற்கு, “ஹால் டிக்கெட்ட நீ கையில வெச்சிக்க. நான் குடுத்தா அவரு வாங்கமாட்டாரு” என்றார்.

நூம்பலில் அந்த நேரம் தெருக் குழாயில் தண்ணீர் வரும். முப்பது நாற்பது குடங்கள் வரிசையில் இருந்தன. வேண்டுமென்றேதான் அந்த நேரத்தைப் பார்த்து வந்திருக்கிறார் என்று அப்போது எனக்குத் தெரியாது. கலாவின் அப்பா லுங்கியோடு வாசலுக்கு வந்தார்.

“நீதான வந்து சொன்ன? இப்ப நீயே வந்து கேக்கறியா? வெக்கமா இல்ல?”

ஆயாம்மா குரலை உயர்த்தினார். எங்களை அதட்டும்போதுகூட அவ்வளவு சத்தமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. “நான் சொன்னது பொய் நைனா. உன் பொண்ணு தங்கம். லெட்டரும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவ எனக்கு அடங்கமாட்டேன்றா, எதுத்துப் பேசறா. அந்தக் காண்டுல நாந்தான் இட்டுக்கட்டிச் சொன்னேன்.”

குழாயடியில் பேச்சு நின்றது. தண்ணீர் குடத்தில் விழுந்து வழியும் சத்தம் மட்டும் கேட்டது.

கலாவின் அப்பா நம்பவில்லை. அவர் கண் என் பக்கம் திரும்பியது. “நீ அவகூட படிக்கிற பொண்ணுதான? நீ சொல்லு. மெய்யாலுமே பொய்யா?”

வீட்டுக்குள் இருட்டில் கலா நிற்பது தெரிந்தது. ஆயாம்மா என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தலையாட்டினேன். பிறகு வாய்விட்டும் சொன்னேன். “ஆமா மாமா. பொய்தான்.”

அவர் இரண்டடி முன்னால் வந்து ஆயாம்மாவின் காலடியில் காறித் துப்பினார். கொஞ்சம் புடவைக் கரையில் பட்டது. ஆயாம்மா காலை நகர்த்திக்கொள்ளவில்லை. குழாயடியில் ஒரு பெண், “பொம்பளையா இவ, ஒரு பொண்ணு வாழ்க்கையில வெளையாடறா” என்றாள். வேறு யாரோ, “பாவம் அந்தப் பொண்ணு” என்றார்கள். அந்த ‘பாவம்’ என்ற சொல் வந்த பிறகு கலாவின் அப்பாவுடைய தோள் கொஞ்சம் இறங்கியது. தெருவுக்கு முன்னால் பெண்ணின் பெயர் சுத்தமாகிவிட்டது. என் கையிலிருந்து ஹால் டிக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

திரும்பும் வழியில் ஆயாம்மாவுக்குப் பின்னால் நான் அழுதுகொண்டே நடந்தேன். பஸ் வந்தபோது, “கண்ணத் தொடச்சிகினு ஏறு. பாக்கறவங்க இன்னா நெனப்பாங்க” என்றார்.

அவர் யோசிக்காத ஒன்று இருந்தது. அல்லது யோசித்துவிட்டுத்தான் செய்தாரோ, தெரியாது. பதினேழு வீடுகளும் நம்பியிருந்தது அவருடைய சொல்லை மட்டும்தான். அந்தச் சொல்லே பொய் என்று அவர் வாயாலேயே தெருவில் சொன்ன செய்தி, திங்கட்கிழமைக்குள் சென்னீர்குப்பம் வந்துவிட்டது. “ஒரு பொண்ணு மேல பழி போடறவளா இத்தினி நாளா உங்களக் கூட்டிகினு போனா?” என்று அப்பா கத்தினார். நாலைந்து அப்பாக்கள் சேர்ந்து தலைமையாசிரியையிடம் போனார்கள். இனி ஆயாம்மா பெண்களைக் கூட்டிவரக்கூடாது, பெண்கள் வந்துபோகும் நேரத்தில் பள்ளிக் கதவுக்கு வெளியே கால் வைக்கக்கூடாது என்று முடிவாகியது. பரீட்சைக்கு இரண்டு நாள் இருந்தது. பரீட்சைக்கே அனுப்பலாமா வேண்டாமா என்று சில வீடுகளில் பேசுவதாகக் கேள்விப்பட்டோம். எங்கள் வீட்டிலும் அன்று அம்மா எதிரில் அப்பா அதைத்தான் பேசினார். நான் நோட்டை விரித்துவைத்துக்கொண்டு ஒரு எழுத்தும் ஏறாமல் உட்கார்ந்திருந்தேன். உண்மையைச் சொன்னால் கலா போய்விடுவாள். சொல்லாவிட்டால் ஆயாம்மா போய்விடுவார். நான் வாயைத் திறக்கவில்லை.

பரீட்சையன்று காலை அப்பாவே என்னைச் சைக்கிளில் உட்காரவைத்துக் கொண்டுபோய் விட்டார். கதவுக்கு உள்ளே, தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் ஆயாம்மா நின்றிருந்தார். வெளியே ஓர் அடி வைக்க முடியாது. அவர் பார்வை சாலையிலேயே இருந்தது. நான் உள்ளே போகும்போது என்னைப் பார்த்துவிட்டு மறுபடி சாலைக்குத் திரும்பினார். ஒவ்வொருவராக வந்தார்கள். அண்ணனோடு ஒருத்தி, மாமாவோடு ஒருத்தி. நான்கு பேர் யாருடைய துணையும் இல்லாமல் சேர்ந்து நடந்தே வந்தார்கள். பர்வீனை அவள் அத்தா கூட்டிவந்தார். வாசலில் நின்றிருந்த மற்ற அப்பாக்கள் ஆயாம்மாவைப் பற்றி ஏதோ சொல்ல, “ஆயா பொய் சொன்னா இன்னா இப்ப? பள்ளிக்கூடம் பொய் இல்லியே” என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார்.

முதல் மணி அடிக்கும்போது பதினாறு பேர். ஆயாம்மாதான் மணியடித்தார். இரண்டாவது மணிக்கும் அவர்தான் போகவேண்டும். கயிற்றைப் பிடித்துக்கொண்டு சாலையைப் பார்த்தபடி நின்றார். தேர்வு நடத்த வந்திருந்த வெளியூர் ஆசிரியர் கைக்கடிகாரத்தைக் காட்டினார். ஆயாம்மா அசையவில்லை. அந்த ஆசிரியர் கோபமாக ஏதோ சொல்லிக்கொண்டே நெருங்கியபோது ஒரு சைக்கிள் வந்து நின்றது. கலா அவள் அப்பாவுக்குப் பின்னாலிருந்து குதித்து ஓடிவந்தாள். ஆயாம்மாவைத் தாண்டித்தான் போகவேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டு தாண்டிப் போனாள். ஆயாம்மா மணியை அடித்தார்.

பதினேழு பேரும் எழுதினோம். கலா கணக்கில் எங்கள் எல்லோரையும்விட அதிகம் வாங்கினாள். ரிசல்ட் வந்த நாளில், அவள் அப்பா எஸ்டேட் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாராம். பார்த்துவைத்த மாப்பிள்ளை வீட்டார், அப்போது கிளம்பிய பேச்சுக்குப் பயந்து முன்பே ஒதுங்கிவிட்டிருந்தார்கள். அவர்களைத் தேடி அவர் மறுபடி போகவில்லை. அவரே கூட்டிப்போய்க் கலாவை டிப்ளமோ சேர்த்தார். அடுத்த ஆண்டு குரூப்பில் இருபதுக்கு மேல் சேர்ந்தார்கள். என் தங்கையும் அதில் ஒருத்தி. அவர்கள் யாரையும் ஆயாம்மா எண்ணியதில்லை. கோடை விடுமுறையிலேயே அவரைத் திருவள்ளூர்ப் பக்கம் மாற்றிவிட்டிருந்தார்கள்.

தொண்ணூறுகளில் எனக்கு அம்பத்தூரில் தொலைபேசி அலுவலகத்தில் வேலை. கலா எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் உதிரி பாகங்களை அளந்து பார்க்கும் பிரிவில் இருந்தாள். இரண்டு பேருக்கும் கல்யாணமாகி ஆவடியில் வீடு. மாலை ஒரே ரயில். பெண்கள் பெட்டியில் எதிரெதிரே உட்கார்ந்து கறிகாய் நறுக்கியபடி பேசிக்கொண்டு போவோம். எப்போதாவது ஆயாம்மா பேச்சு வரும். “என்னைக் காப்பாத்துனாங்க, சரி. ஆனா என் பையில எதுக்குக் கை உட்டாங்க? அதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது” என்பாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பேன்.

ஓய்வு பெற்று வானகரத்தில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். ஓட்டு வீடு, தனி ஆள். என்னைப் பார்த்ததும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பதினேழு பேரில் யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டார். கலாவின் பெயரைக் கடைசியில் கேட்டார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

“அவ பதில் எழுதல ஆயாம்மா. அந்த லெட்டரக் கிழிச்சிப் போட்டுட்டா. எனக்கு அப்பவே தெரியும். தெரியலன்னு உங்ககிட்ட சொன்னேன்.”

திட்டுவார் என்று நினைத்தேன். அறைந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

“அப்ப நான் அவள ஊட்டுக்கு அனுப்பனது…” என்று தொடங்கி நிறுத்திவிட்டார். எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார். “எங்கிட்ட சொல்லி இன்னா ஆவுது? போயி அவகிட்ட சொல்லு.”

“சொன்னா அப்பறம் அவ எங்கூட பேசமாட்டா ஆயாம்மா.”

“பேசமாட்டா” என்றார். “போயி சொல்லு.”

மறுநாள் ரயிலில் சொன்னேன். தொட்டிக்குப் பின்னால் நடந்ததை, அந்த ஒரு நொடியை, பேனா மூடும் சத்தத்தை, எதையும் விடாமல் சொன்னேன். ரயில் திருமுல்லைவாயிலைத் தாண்டியிருந்தது. கலா நறுக்கிக்கொண்டிருந்த பீன்ஸைப் பைக்குள் போட்டு மூடினாள். அடுத்து வந்த ஸ்டேஷன் அவள் இறங்கும் இடமில்லை. அங்கேயே இறங்கிவிட்டாள். அதன்பிறகு அந்த ரயிலில் அவளை நான் பார்க்கவில்லை.

ஒரு மாதம் கழித்து வானகரம் போனேன். ஆயாம்மா வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

“கலா வந்துச்சி” என்றார். “ரெண்டு புள்ளைங்களையும் இட்டுகினு வந்துச்சி. வாசல்லியே நின்னுகினு இருந்துச்சி ரொம்ப நேரம். நாந்தான் உள்ள இஸ்துகினு போனேன். சாயங்காலம் வரைக்கும் இருந்துட்டுதான் போச்சி.”

“என்னப் பத்தி ஏதாச்சும் கேட்டாளா ஆயாம்மா?”

அவர் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவைத்தார். ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம்.

“கேக்கல” என்றார்.